அண்ணன் மாட்டிய மொட்டை ரப்பர்

பஸ் டிப்போவில் போய் என் அண்ணனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "யாரு, கட்டைவிரலா? அந்த ஆளாலதானே ஒரு டிரைவருக்குக் கால் போச்சு" என்பார்கள். கால் போன அந்த டிரைவர் என் வீட்டுக்காரர். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து மொட்டையாகக் கிடந்ததாம், அண்ணன் அதை மாற்றாமல் விட்டானாம், கால் வழுக்கி வண்டி தூணில் மோதியதாம். இதில் வண்டி மோதியது நிஜம், கால் போனது நிஜம். மீதி எல்லாம் வடிகட்டின பொய். அந்தப் பொய்யை உட்கார்ந்து கட்டியவன் என் அண்ணனேதான் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயும் நிற்காது. "இவகிட்ட ஒரு விஷயத்தைச் சொல்றதும் மைக் வச்சுச் சொல்றதும் ஒண்ணுதான்" என்று அண்ணன் சின்ன வயதிலிருந்தே கிண்டல் செய்வான். அப்பேர்ப்பட்டவளிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் வாயைக் கட்டிப் போட்டுவிட்டான், படுபாவி. என் வீட்டுக்காரர் போன மாதம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். இனிமேல் இவரிடமிருந்து யாரும் எதையும் பிடுங்க முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இந்தத் தாள்களை முதலில் இவர் கையில் கொடுப்பேன், பிறகு அண்ணி கையில். அப்புறம் என்ன நடக்குமோ நடக்கட்டும்.

டிப்போவில் இன்ஜினைப் பிரிக்கிறவனுக்கும் கியர் பாக்ஸை இறக்குகிறவனுக்கும்தான் மவுசு. என் அண்ணனும் மெக்கானிக்தான், ஆனால் அவன் பார்த்தது யாரும் வேலை என்றே மதிக்காத ஒன்று. பஸ்ஸில் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்று பெடல். கால் வழுக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் வரிவரியாக ஒரு ரப்பர் உறை மாட்டியிருக்கும். நாள் முழுக்க மிதிபட்டு அந்த வரிகள் தேயும். ஓரம் வெடிக்கும், சுருண்டு எழும்பும். கடைசியில் மொழுமொழுவென்று ஆகி, மூலையில் இரும்பு எட்டிப் பார்க்கும். அதைத்தான் டிப்போவில் மொட்டை ரப்பர் என்பார்கள். நேரத்துக்குப் பார்த்து, மொட்டையாகும் முன்னால் மாற்றுவது அண்ணனின் பொறுப்பு. வைப்பர், சைடு கண்ணாடி, ஆடுகிற சீட் எல்லாமும் அவன் தலையில்தான்.

ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்துக்கொள்வான். டார்ச் வாயில் இருக்கும். வலது கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து, ரப்பரின் மேல் வைத்து அழுத்தித் தள்ளுவான். விரல் அப்படியே நின்றால் ரப்பர் நல்லது. நழுவினால் கழற்றிவிடுவான், யார் என்ன சொன்னாலும் கேட்க மாட்டான். கட்டைவிரல் என்ற பெயர் அவனுக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பழையதைத் திருப்புளியால் நெம்பி எடுத்து, பெடலைத் துடைத்து, புதியதைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஒரு ஓரத்தை மாட்டிவிட்டு மறு ஓரத்தை இழுத்துக் கவ்வ வைப்பான். பிறகு ஈரம் போகும்வரை துணியால் தேய்ப்பான். எண்ணெய் தொட்டால் ரப்பர் சட்டென்று ஏறிவிடும், சோம்பேறிகள் அப்படித்தான் செய்வார்கள். அண்ணன் கண்ணெதிரே எவனாவது எண்ணெய் டப்பாவை எடுத்துவிட்டால் தொலைந்தான்.

ரப்பரைப் பார்த்தே ஆளை எடை போடுவான். "இவன் எந்நேரமும் கிளட்ச் மேலயே காலை வச்சிருக்கான், எதையும் நம்பாத ஆளு." "இவன் பிரேக்கைக் குத்துறான், வீட்டுல சண்டை போல." எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இந்த லட்சணத்தில்தான். ஒருநாள் ஒரு பழைய பிரேக் ரப்பரைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான்.

"பாரு, நாலு ஓரமும் எப்படிச் சமமாத் தேஞ்சிருக்குன்னு. நிதானமான ஆளு. கையை ஓங்கற ஆளே கிடையாது. கட்டிக்கிறியா?"

"ஏன், போட்டோ கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன். சிரித்தாலும் கட்டிக்கொண்டேன். அண்ணன் சொன்னது பொய்க்கவில்லை. இவர் ஒருநாளும் என் மேல் கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. வீட்டில் சத்தம் போடுவதற்கு நான் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

இருவரும் மச்சானும் மாப்பிள்ளையுமாக அல்ல, கூடப் பிறந்தவர்களாக இருந்தார்கள். ஓய்வு நாளில் அண்ணன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். இவருக்குத் தட்டில் என்ன விழுகிறது என்று அவனும், அவனுக்கு என்ன விழுகிறது என்று இவரும் பார்த்துக்கொண்டு, இருவருமாகச் சேர்ந்து என் சமையலை நக்கல் செய்வார்கள். அண்ணியும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து இருவரையும் திட்டித் தீர்ப்போம்.

இவருக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. டிப்போவில் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். வருஷா வருஷம் வரும் உடல் பரிசோதனைக்குப் பத்து நாள் முன்னாலிருந்து வாயைக் கட்டி, எப்படியோ தேறிவிடுவார். எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். மாத்திரை போடுகிறாரே, போதாதா என்று நினைத்தோம். ராத்திரியில் சில நேரம் கால் மரத்துப் போகிறது என்பார். தேய்த்துவிடுவேன். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது வலது கால் செருப்பு கழன்று விழுந்தது. அது தெரியாமலே நாலைந்து படி ஏறிப் போய்விட்டார். நான் கீழே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் இவர் அண்ணனிடம், "மச்சான், பிரேக் கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் அன்றே புது ரப்பர் மாட்டினான். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே புகார். அண்ணன் குனிந்து பார்த்தால், எப்போதும் சமமாகத் தேய்கிற இவர் ரப்பர், வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. பெடல் தண்டு வளைந்திருக்கும் என்று நினைத்து அதை நிமிர்த்தினான், புது ரப்பர் மாட்டினான். மூன்றாவது தடவையும் மாட்டினான். "மாத்திட்டேன் மாப்பிள்ளை, இனி கால் ஒட்டிக்கும்" என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துத்தான் சொன்னான். அதற்கு நாலாவது நாள் அது நடந்தது.

விடிந்தும் விடியாத நேரம். வண்டிகள் கழுவும் இடத்திலிருந்து பஸ்ஸை வெளியே எடுத்திருக்கிறார். வண்டியில் யாரும் இல்லை, அந்த மட்டும் தப்பித்தோம். திருப்பத்தில் பிரேக்கை மிதித்த கால் நழுவி ஆக்சிலரேட்டர் மேல் விழுந்து, வண்டி பாய்ந்துபோய்த் தூணில் மோதியது. முன்பக்கம் மொத்தமும் உள்ளே அமுங்கிவிட்டது. முதலில் ஓடியவன் அண்ணன்.

"ஒண்ணும் ஆகலை மச்சான், பயப்படாதீங்க. கால்தான் எங்கயோ மாட்டிக்கிச்சு. வண்டிக்கு என்ன ஆச்சு பாருங்க" என்றாராம் இவர், நிதானமாக.

அண்ணன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். கணுக்காலுக்குக் கீழே காலென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மேலே இவர் வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் வண்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த நொடியில்தான் அண்ணனுக்கு எல்லாம் விளங்கியது.

மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இவரை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அண்ணியை வார்டில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டான். அவன் சட்டையெல்லாம் இவர் ரத்தம்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது" என்றான். "புது ரப்பரைக் கழட்டிட்டேன். குப்பையில கிடந்த மொட்டை ஒண்ணை எடுத்து பிரேக்ல மாட்டிட்டேன். அதிகாரிங்க வந்து பார்த்து எழுதிட்டுப் போயாச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னண்ணா உளறுற? உனக்கென்ன பைத்தியமா?"

"மாப்பிள்ளை காலுக்கு உணர்ச்சியே இல்ல. எத்தனை மாசமோ தெரியாது. பெடல் மேல கால் இருக்கா இல்லையான்னே அவருக்குத் தெரியல. புது ரப்பர் அப்படியே இருந்திருந்தா என்ன கேப்பாங்க? ரப்பர் புதுசு, பிரேக் நல்லா இருக்கு, அப்புறம் ஏன் வழுக்குச்சுன்னு கேப்பாங்க. சர்க்கரையை மறைச்சு வண்டி ஓட்டினது வெளியே வரும். காலும் போய் வேலையும் போய் வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மொட்டை ரப்பர்னா அது வண்டியோட குத்தம். உக்காந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுத்தே ஆகணும்."

"டாக்டருக்குத் தெரியாதா?"

"சர்க்கரை தெரிஞ்சா தெரியட்டும், ரப்பர் மொட்டைன்னு எழுதின பிறகு அதை யாரு வந்து கேக்கப் போறா? கால் அப்படி நசுங்கிப் போச்சு. மரத்துப் போன காலா, நல்ல காலான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப உன் கதி?"

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "புது ரப்பர் போட்டா வரியெல்லாம் உறுத்தும். எந்த டிரைவரும் முதல் நாளே வந்து 'என்னய்யா உறுத்துது'ன்னு சொல்லுவான். இருபத்தெட்டு வருஷத்துல சொல்லாதவன் ஒருத்தன் கிடையாது. மாப்பிள்ளைக்கு மூணு தடவை மாத்தினேன். ஒரு வார்த்தை சொல்லல அவர். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நம்ம கைவேலை அவ்வளவு சுத்தம்னு நினைச்சுப் பெருமைப்பட்டேன். மத்த எவன் பெடலா இருந்தாலும் விசாரிச்சிருப்பேன். நம்ம மாப்பிள்ளைதானேன்னு விட்டுட்டேன். அதனால குத்தம் என்னுதுதான். ரப்பரை மாத்தலைங்கிறது மட்டும்தான் பொய்."

நானும் செருப்புக் கதையைச் சொல்லி அழுதேன். அவன் என் தலையில் கை வைத்து, "விடும்மா" என்றான். பிறகு சத்தியம் கேட்டான். இவருக்குச் சொல்லக் கூடாது. "அவருக்குப் பொய் வராது. ரெண்டு கேள்வி கேட்டா எல்லாத்தையும் ஒப்பிச்சிடுவார்." அண்ணிக்கும் சொல்லக் கூடாது. அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள், நேரே டிப்போவுக்கே போய்விடுவாள். நான் சத்தியம் செய்தேன். மறைப்பானேன், ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என் வீட்டு அடுப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது, கூடப் பிறந்தவன் முகம் தெரியவில்லை.

விசாரணையில் அண்ணன், "மாத்தினதா எழுதி வச்சேன், ஆனா மாத்தல. சோம்பேறித்தனம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். சோம்பேறித்தனமாம்! அந்த வார்த்தையை அவன் எப்படித்தான் எழுதினானோ. மெக்கானிக் வேலையிலிருந்து இறக்கி வண்டி கழுவப் போட்டார்கள். இவருக்கு மரக்கால் பொருத்தி ஆறேழு மாதத்தில் அதே டிப்போவின் வாசல் அறையில், வண்டிகள் போகிற வருகிற நேரத்தைக் குறிக்கும் வேலை கிடைத்தது. அண்ணன் கணக்குப் போட்டபடியே நடந்தது. இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே அண்ணன் ரப்பர் குழாயோடு வண்டி கழுவிக்கொண்டு நிற்பான். ஒன்பது வருஷம் இருவரும் அப்படி எதிரும் புதிருமாக இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இவர் பேசவில்லை என்பதுதான் சரி. "மொட்டையா இருந்ததைக்கூட நான் பெரிசு பண்ணமாட்டேன். மறதி யாருக்கும் வரும். ஆனா மாத்திட்டேன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாரே, இந்தக் கூடத்துல உக்காந்து சொன்னாரே" என்பார். அவ்வளவு சாதுவான மனிதர், அண்ணன் பெயரை எடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "உன் அண்ணன் இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று ஒரே முறைதான் சொன்னார். அண்ணன் ஏறவே இல்லை.

"நீங்க ரப்பரைக் குனிஞ்சு பார்த்தீங்களா?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"டிரைவர் எவனாவது பெடலைக் கண்ணால பார்ப்பானா? கால் பார்த்துக்கும்" என்றார். நான் எழுந்துபோய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு மதியம் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அண்ணன் ஒரு பஸ்ஸைக் கழுவி முடித்து, தரையைத் துடைத்துவிட்டு இறங்கினான். அந்த வண்டியின் டிரைவர், அண்ணன் கண்ணெதிரிலேயே குனிந்து, மூன்று பெடலையும் கையால் அசைத்து அசைத்துப் பார்த்தான். அண்ணன் கை வைத்தது தரைத் துடைப்பத்தில்தான், பெடலில் இல்லை. "நீ ஏறி இறங்கின வண்டின்னா ரெண்டு தடவை பார்த்துடணும்ப்பா, எனக்கு ரெண்டு காலும் வேணும்" என்றான் அந்தத் தடியன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தமாதிரி பல்லைக் காட்டி, "பாருங்க பாருங்க, பார்க்கிறது நல்லதுதான்" என்றான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சுவரில் அடித்தேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

இவருக்குத் தெரியாமல் மார்க்கெட்டில் அண்ணனைப் பார்ப்பேன். "போதும்ணா, நான் சொல்லிடறேன். என்னால முடியல" என்பேன் ஒவ்வொரு தடவையும். அவனும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பான்: "மாப்பிள்ளைக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?" நான் எண்ணிச் சொல்வேன். "அதுவரைக்கும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று என் பையில் காய்கறியைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். இவர் கால் எப்படி இருக்கிறது, மரக்கால் பட்டை உரசிப் புண்ணாகிறதா என்றும் கேட்பான். மாசம் ஒருமுறை மற்றக் காலைப் பரிசோதிக்கச் சொல்வான்.

அண்ணியைப் பார்ப்பதுதான் அதைவிடக் கொடுமை. டிப்போ ஆட்கள் குடியிருக்கும் தெருவில் அவள் நடப்பதையே விட்டுவிட்டாள். கடைக்குக்கூடச் சுற்றிப் போவாள். என்னைப் பார்த்தால் தலை நிமிராது. "என் புருஷன் உன் குடும்பத்தை நொண்டியாக்கிட்டாரே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அண்ணனோடு சண்டை போட்டிருக்கிறாள், பேசாமல் இருந்திருக்கிறாள். அத்தனையையும் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "போனது போச்சு அண்ணி" என்பேன். நல்லவள் வேஷம் எனக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது தெரியுமா!

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு காலை, வண்டி கழுவிக்கொண்டிருந்தபோதே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. முதலில் பார்த்தவர் ஜன்னலில் இருந்த இவர்தான். மரக்காலோடு ஓட முயன்று விழுந்து, கத்திக் கத்தி ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணன் வீட்டு முன்னறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். டிப்போ ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். யாருக்கும் நல்ல மனுஷன் என்று சொல்ல வாய் வரவில்லை, வேறு எதையும் சொல்லவும் அது நேரமில்லை. நான் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது இவர் உள்ளே வந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் வருகிறார். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள், உட்கார மறுத்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தலைமாட்டில் நின்றார்.

"மச்சான்" என்றார். "நான் உங்களை மன்னிச்சிட்டேன். மனசுல எதையும் வச்சுக்காம நிம்மதியாப் போங்க."

அறை முழுக்க ஒரே விசும்பல். பெடலைக் குனிந்து பார்த்த அந்தத் தடியன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெரிய மனுஷன்யா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சொன்னார்கள்.

எனக்கு அண்ணனை உலுக்கி எழுப்ப வேண்டும் போல இருந்தது. நீயே சொல்லுடா, எழுந்து உட்கார்ந்து நீயே சொல்லிவிட்டுப் போ என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்துகூட விட்டேன். எதிரே டிப்போவின் அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். இவருக்கு இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் இருந்தது.

அண்ணி என் தோளில் சாய்ந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷமா ஏங்கினார். காதால கேக்காமலே போயிட்டார். உன் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பெரிய மனசு. நாங்க செஞ்ச பாவத்துக்கு வேற யாரா இருந்தாலும் இந்த வாசப்படி மிதிச்சிருப்பாங்களா, சொல்லு?"

"மிதிச்சிருக்க மாட்டாங்க அண்ணி" என்றேன்.